மத்தியான வீடு

இந்த வருடம் பட்டம் வாங்கிக்கொண்டு வேலைக்குப் போகும் உங்களுக்காக ஏதாவது எழுதித் தரும்படி துறைத் தலைவர் கேட்டார். பொதுக் கொள்கையும் திட்ட மதிப்பீடும் இரண்டு வருடம் முழுமூச்சாகப் படித்துவிட்டு வருகிறீர்கள். மாதிரி எடுப்பது எப்படி, ஒப்பிடுவதற்கு இன்னொரு கூட்டத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்பதெல்லாம் என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். நான் வேலைக்கு வந்த காலத்தில் இதற்கென்று தனிப் படிப்பே கிடையாது. பொருளாதாரம் படித்தவர்களும், வேறு வேலை கிடைக்காதவர்களும் செய்துகொண்டிருந்த வேலை இது. நான் இரண்டிலும் சேர்த்தி.

ஓய்வு பெற்றவர்கள் பேச ஆரம்பித்தால் லேசில் நிறுத்த மாட்டார்கள். நானும் என் காலத்தில் அப்படிப்பட்டவர்கள் எதிரே உட்கார்ந்து கொட்டாவியை மென்று விழுங்கியவள்தான். அதனால் ஒரே ஒரு சம்பவத்தை மட்டும் சொல்லிவிட்டு உங்களை விட்டுவிடுகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். இதைச் சொல்லலாமா என்று சம்பந்தப்பட்ட பெண்ணிடம் போய்க் கேட்டேன். வீட்டு வேலையை விட்டுவிட்டு இப்போது அவள் சாந்தோம் பக்கம் ஒரு பள்ளியில் ஆயாவாக இருக்கிறாள். "இப்போ இன்னா மேடம், தாராளமா சொல்லிக்கோங்க" என்றாள். அவளை இங்கே மஞ்சுளா என்று வைத்துக்கொள்வோம்.

மயிலாப்பூரில் ஒரு குடும்ப அறக்கட்டளை இருந்தது. அதன் தலைவி ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியை. மாட வீதிக்குப் பின்னால் தலைமுறை தலைமுறையாக இருந்து வரும் குடும்பம். எங்கள் எல்லோருக்கும் அவர் மாமிதான். அவருடைய அறக்கட்டளை, அடையாற்றங்கரைக் குடியிருப்பு ஒன்றில் பகல்நேரக் குழந்தைகள் காப்பகம் நடத்தியது. அந்தக் குடியிருப்பிலிருந்து நிறையப் பெண்கள் மயிலாப்பூர், மந்தைவெளி வீடுகளுக்கு வேலைக்குப் போகிறார்கள். விடிவதற்குள் கிளம்பிப் போய், வாசல் தெளித்து, பாத்திரம் தேய்த்து, துணி துவைத்துவிட்டு, பதினொரு மணிவாக்கில் திரும்புவார்கள். சாயங்காலம் மறுபடியும் ஓட வேண்டும். நடுவில் கிடைக்கும் நேரம் கைக்குழந்தையோடு போய்விடும். அந்தக் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஓர் இடம் இருந்தால், அந்த நேரத்தில் இன்னொரு வீடு பிடிப்பார்கள், குடும்பம் கொஞ்சம் நிமிரும். காப்பகம் ஆரம்பித்ததற்கு அதுதான் காரணம். தாளில் எழுதிப் பார்த்தால் யாரும் குறை சொல்ல முடியாத யோசனை.

சில வருடம் நடத்திய பிறகு, தொடரலாமா மூடலாமா என்று முடிவெடுப்பதற்காக மாமி எங்களிடம் மதிப்பீடு கேட்டு வந்தார். அறக்கட்டளைக் குழுவில் சிலருக்குக் காப்பகத்தை மூடிவிட்டுத் தையல் பயிற்சி ஆரம்பிக்க ஆசை. நம் ஊரில் எந்த அறக்கட்டளைக் கூட்டத்துக்குப் போனாலும் ஒருவராவது தையல் மிஷினைப் பற்றிப் பேசாமல் இருக்க மாட்டார். நீங்களே போகப் போகப் பார்ப்பீர்கள்.

அப்போது நான் அடையாறில் உங்கள் படிப்பைப் போன்ற ஒரு முதுகலைப் படிப்பில் வகுப்பும் எடுத்துக்கொண்டிருந்தேன். அன்பரசு என்று ஒரு மாணவர். மாணவர் என்றால் சின்னப் பையன் இல்லை, முப்பதைத் தாண்டியவர். வங்கி வேலையை உதறிவிட்டுப் படிக்க வந்து, திருவல்லிக்கேணி மேன்ஷனில் ஓர் அறையில் இருந்தார். இந்த மதிப்பீட்டையே தன் இறுதி வருட ஆய்வாக எடுத்துக்கொண்டார். கெட்டிக்காரர். எனக்கு இருந்த சோம்பலுக்கு அவருடைய சுறுசுறுப்பு ரொம்ப வசதியாக இருந்தது.

காப்பகம் உள்ள குடியிருப்பையும், காப்பகம் இல்லாத இன்னொரு குடியிருப்பையும் ஒப்பிட்டோம். வீடு வீடாகப் போய்க் கேட்டதில், காப்பகத்தில் குழந்தையை விடும் தாய்மார்களில் பெரும்பாலானோர் மத்தியானமும் ஒரு வீட்டில் வேலை செய்வதாகச் சொன்னார்கள். மற்ற இடத்தில் அப்படிச் சொன்னவர்கள் சொற்பம். திட்டம் நினைத்தது நினைத்தபடி நடந்திருக்கிறது. வரைவு அறிக்கையை எடுத்துக்கொண்டு மாமி வீட்டுக்குப் போனோம்.

மாமிக்கு ஆனந்தம் தாங்கவில்லை. காபியை இரண்டாம் தடவை கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னார்: "இதுக்கு ரிப்போர்ட்டே வேண்டாம்னேன். எங்காத்துல வேலை பண்றாளே மஞ்சுளா, அவளே மத்தியானத்துக்கு ஒரு வீடு பிடிச்சுட்டா. மாமாவுக்கு மத்தியானம் சாதம் போட்டுட்டுப் போயேன்னு நானே கேட்டுப் பார்த்தேன். முடியாதுன்னுட்டா. படுத்த படுக்கையா யாரோ ஒரு பெரியவராம், போன் மணி அடிச்சாலே கோபம் வருமாம்." தன் வீட்டு வேலைக்கு வர மறுத்தவளைப் பற்றி அவர் அத்தனை பெருமையாகப் பேசியது எனக்குப் பிடித்திருந்தது. மாமி நல்ல மனுஷி. இந்தக் கதையில் கெட்டவர்கள் யாரும் இல்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

அடுத்த வாரம் தி.நகரில் முழுக் குழுவும் கூடி முடிவெடுப்பதாக இருந்தது. அந்தக் கூட்டத்தில் மஞ்சுளாவையே பேச வைக்கப்போவதாகவும் மாமி சொன்னார். இதுவும் நம் தொழிலில் ஒரு சம்பிரதாயம். பயனடைந்தவர் என்று ஒருவரை நல்ல புடவை கட்டி வரச் சொல்லி, மேடையேற்றி, நாலு வார்த்தை நன்றியாகச் சொல்ல வைப்பது. எனக்கு அது என்றைக்குமே பிடித்ததில்லை. ஆனாலும் காபி நன்றாக இருந்தது, அறிக்கையும் நன்றாக வந்திருந்தது, நான் வாயைத் திறக்கவில்லை.

அன்பரசுவுக்கு அறிக்கையில் ஒரு குறை இருந்தது. ஒரு தாயின் ஒரு நாளை முழுதாக விவரித்து ஓர் அத்தியாயம் சேர்க்க விரும்பினார். மத்தியான வீடு எந்தத் தெருவில் என்று சிலரைக் கேட்டிருக்கிறார். "அந்தாண்டதான் சார்" என்று ஆளுக்கொரு திசையில் கை காட்டியிருக்கிறார்கள். காப்பகத்து ஆசிரியையைக் கேட்டால் தெரியும் என்று நானும் அவரும் ஒரு நாள் உச்சி வெயிலில் அங்கே போனோம்.

காப்பகத்தில் குழந்தைகள் வரிசையாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் மட்டும் ஆசிரியையின் மடியில் அனத்திக்கொண்டிருந்தான். உடம்பு அனலாகக் கொதித்தது. மஞ்சுளாவின் பையன். அன்பரசு உடனே போனை எடுத்து, அவன் அம்மா வேலை செய்யும் வீட்டு எண் இருக்கிறதா என்று கேட்டார். ஆசிரியைக்கு இருந்த பதற்றத்தில் அவர் கேட்டது காதில் விழவே இல்லை. பையனைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தார். நாங்களும் பின்னாலேயே போனோம். நாலைந்து கதவு தள்ளி, சாத்தியிருந்த ஒரு வீட்டுக் கதவைத் தட்டினார்.

கதவு திறந்ததும் முதலில் ஒன்றும் தெரியவில்லை. ஜன்னலைப் பழைய புடவையால் மறைத்திருந்தார்கள். ஒரு மேஜை விசிறி தலையை ஆட்டி ஆட்டிச் சுற்றிக்கொண்டிருந்தது. கண் பழகியதும் பார்த்தேன். சின்ன அறையில் சுவரிலிருந்து சுவர் வரை பெண்கள் படுத்திருந்தார்கள். பாய் போதாமல் ஒருத்தி சிமென்ட் தரையிலேயே கிடந்தாள். தலைக்கு மடித்த சேலை, கைப்பை, ஒருத்திக்குத் தன் முழங்கையே. எங்களுக்கு மத்தியான வீடு இருக்கிறது என்று சொன்ன முகங்கள் அத்தனையும் அங்கே இருந்தன. அன்பரசு சட்டென்று திரும்பித் தெருவைப் பார்த்து நின்றுகொண்டார்.

மஞ்சுளா திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தாள். எழுந்தவள் முதலில் கேட்டது, "மாமி கூப்ட்டாங்களா?" என்றுதான். அப்புறம்தான் பையனைப் பார்த்தாள். அதற்கும் அப்புறம் என்னைப் பார்த்தாள். பையனை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு, "இன்னிக்கு மட்டுந்தான் மேடம், ஒடம்புக்கு முடியல" என்றாள். பின்னால் படுத்திருந்தவளும் எழுந்து, தனக்கும் இன்றைக்கு மட்டும்தான் முடியவில்லை என்றாள். நான் ஆட்டோ பிடித்துப் பையனை மருத்துவரிடம் கொண்டுபோகச் சொன்னேன். சாதாரணக் காய்ச்சல்தான், இரண்டு நாளில் சரியாகிவிட்டது. ஆனால் எங்கள் அறிக்கை அந்த நிமிஷமே செத்துவிட்டது.

பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்த டீக்கடையில் போய் உட்கார்ந்தோம். மத்தியான வீடு என்று ஒன்றுமே இல்லை, யாரும் கூடுதலாக வேலைக்குப் போகவில்லை, நாம் எழுதியது முழுக்கத் தப்பு என்பது அன்பரசுவுக்குள் இறங்க முதல் டீ முடியும் வரை பிடித்தது. இரண்டாவது டீ வந்தபோது அவர் முகமே மாறியிருந்தது.

"மேடம், இதுதான் உண்மையான பலன். வேலை கூடல, தூக்கம் கூடியிருக்கு. விடியறதுக்கு முன்னாடி எழுந்து ஓடுற ஒரு பொம்பளைக்கு நிம்மதியா ரெண்டு மணி நேரத் தூக்கம். இத யாரும் அளந்து பார்த்ததே இல்ல. நாம எழுதலாம்."

எனக்கும் உடம்பு சிலிர்த்தது, மறைப்பானேன். இத்தனை வருடம் இந்தத் தொழிலில் இருந்தும் அப்படியொரு பலனை நான் நேரில் பார்த்ததில்லை. அவர் சொன்னபடி எழுதியிருந்தால் அன்பரசுவுக்குப் பேர் கிடைத்திருக்கும், எனக்கும் கொஞ்சம் கிடைத்திருக்கும். காப்பகமும் ஒருவேளை பிழைத்திருக்கும். ஆனால் மஞ்சுளா எழுந்ததும் கேட்ட கேள்வி என் காதிலேயே நின்றது. தூங்குகிறவளுக்கு அவ்வளவு பயம் ஏன்? வேலைக்குப் போகவில்லை என்று ஒளித்து வைக்கிறாள் என்றால், யாரிடமிருந்து ஒளித்து வைக்கிறாள்?

வாசற்படியில் நின்று கேள்வி கேட்க ஆரம்பிக்கும் முன் நாம் ஒரு வாக்கியம் படிப்போமே, நீங்கள் சொல்வதை யாருக்கும் தெரியப்படுத்த மாட்டோம் என்று. அதை எவ்வளவு வேகமாகப் படித்துத் தள்ளுகிறோம் என்று யோசித்திருக்கிறீர்களா? அடுத்த கேள்விக்குப் போகும் அவசரம் நமக்கு. பதில் சொல்கிறவர்களும் தலையை ஆட்டிவிடுவார்கள். அந்த வாக்கியத்துக்கு ஒரு நாள் உயிர் வந்து எதிரே நிற்கும் என்று எந்த வகுப்பிலும் சொல்லித்தர மாட்டார்கள். நானும் சொல்லித்தந்ததில்லை.

அவர்களைக் கேட்காமல் ஒரு வரி எழுதக் கூடாது என்று அன்பரசுவிடம் சொன்னேன். அவருக்குக் கோபம். கேட்டால் வேண்டாம் என்பார்களே என்றார். அதனால்தான் கேட்க வேண்டும் என்றேன்.

மறுநாள், அவர்கள் சாயங்கால வேலைக்குக் கிளம்புவதற்கு முன் காப்பகத்தில் கூடினோம். சூழ்நிலையைக் கொஞ்சம் இளக்குவதற்காக, அந்தப் படுத்த படுக்கையான பெரியவர் யார் வீட்டில் இருக்கிறார் என்று கேட்டேன். மூலையிலிருந்து ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். "அவரு எங்க எல்லாருக்கும் பொதுவு மேடம்" என்றாள்.

அப்புறம் விஷயம் வெளியே வந்தது. முதலில் ஒருத்திதான் தன் வீட்டுக்காரரிடம் மத்தியானம் ஒரு வீடு பிடித்திருப்பதாகச் சொல்லியிருக்கிறாள். நடுவில் போன் பண்ணித் தொந்தரவு செய்யக் கூடாதே என்று கோபக்காரப் பெரியவர் ஒருவரை அந்த வீட்டில் படுக்க வைத்தாள். மற்றவர்கள் அவரை இரவல் வாங்கிக்கொண்டார்கள். போகப் போக அவருக்குச் சர்க்கரை வியாதி வந்தது, அமெரிக்காவில் ஒரு மகன் பிறந்தான். அவர் சரியாகச் சம்பளம் கொடுக்க மாட்டார், கேட்டால் அடுத்த மாசம் என்பார். அதனால் வீட்டில் கணக்கும் உதைக்கவில்லை. இத்தனை சாமர்த்தியமும் ஒரு குட்டித் தூக்கத்துக்காக.

நான் என் நிலைமையைச் சொன்னேன். மத்தியான வேலை கூடியிருக்கிறது என்று பொய் எழுத என்னால் முடியாது. கூடவில்லை என்று எழுதினால் காப்பகத்தை மூடிவிடக்கூடும். நீங்கள் மத்தியானம் தூங்கி எழுந்து தெம்பாகப் போகிறீர்கள் என்று எழுத அனுமதித்தால், அதைச் சொல்லிக் காப்பகத்துக்காக வாதாட முடியும். எது வேண்டும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்றேன். ஒருத்தி எழுதிவிடலாம் என்றாள். உடனே இன்னொருத்தி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். எல்லோரும் மஞ்சுளாவைப் பார்த்தார்கள்.

மஞ்சுளா பையனை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே பேசினாள். "எங்க வூட்டுக்காரருக்குத் தெரிஞ்சா, சும்மாதான படுத்துக்கினு கீற, நெசமாவே ஒரு வூடு பாரேன்னுவாரு. மாமிக்குத் தெரிஞ்சா, அப்போ இங்க வந்து மாமாவுக்குச் சோறு போடேன்னுவாங்க. ரெண்டு பேரும் தங்கமான ஆளுங்க மேடம். அதான் பிரச்சினையே. அவங்க கேட்டா மாட்டேன்னு சொல்ல எனக்கு வாய் வராது. அந்தப் பெரியவரு கீறதாலதான் மாட்டேன்னு சொல்ல முடியுது."

காப்பகத்தை மூடிவிட்டால் என்ன செய்வீர்கள் என்று அன்பரசு கேட்டார்.

"மூடுனா கஷ்டம்தான் சார். ஆனா இத எழுதிட்டா, தொறந்து கெடந்தாலும் எங்களுக்கு ஒண்ணுமில்ல."

அன்பரசு கையிலிருந்த பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் என்னிடம் ஒரு தடவைகூட வாதாடவில்லை. அவருடைய வாழ்க்கையிலேயே சிறந்த ஆய்வு முடிவை அந்த இடத்திலேயே விட்டுவிட்டு எழுந்தார். அவரைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்தப் பேனாதான் ஞாபகம் வரும்.

கிளம்பும்போது மஞ்சுளா என் பின்னாலேயே வந்தாள். கூட்டத்தில் வந்து மத்தியான வீட்டைப் பற்றிப் பேசும்படி மாமி சொல்லியிருக்கிறார், வருகிறேன் என்று தலையாட்டிவிட்டாள். இத்தனை பேர் எதிரே நின்று எப்படிப் புளுகுவது என்று கண் கலங்கினாள். நீ பேச வேண்டி வராது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். எப்படிப் பார்த்துக்கொள்ளப் போகிறேன் என்று எனக்கே அப்போது தெரியாது.

கூட்டம் முற்பகலில், தி.நகரில் ஒரு சின்ன அரங்கில் நடந்தது. கீழே கடைத்தெரு இரைச்சல், மேலே ஏசியின் குளிர். மாமி தன் காரிலேயே மஞ்சுளாவை அழைத்து வந்திருந்தார். கடைசி வரிசையில் சுங்குடிப் புடவையில், கையை மடியில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். விடியுமுன் எழுந்த கண்கள், அந்தக் குளிரில் மூடி மூடித் திறந்தன.

நான் எழுந்து, வரைவு அறிக்கையைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னேன். சரிபார்த்ததில் மத்தியான வேலை கூடவில்லை என்று தெரிந்தது, பதில்களை நாங்கள் அப்படியே நம்பிவிட்டோம், தவறு எங்கள் பக்கம் என்றேன். அரங்கில் சலசலப்பு. குழு உறுப்பினர் ஒருவர் தையல் பயிற்சித் திட்டத்தைப் பையிலிருந்து எடுத்தே விட்டார். அன்பரசு என் பக்கத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். தோற்றுப்போன ஆய்வுக்குச் சொந்தக்காரர் என்று எல்லோரும் அவரைத்தான் பார்த்தார்கள்.

மாமிக்கு முகம் சிவந்துவிட்டது. "போன வாரம் கூடியிருக்குன்னேளே" என்றார். தப்பாகச் சொன்னோம் என்றேன். "அதெப்படி? இதோ மஞ்சுளாவே வந்திருக்கா. அவளையே கேட்டுடுவோமே" என்று பின்வரிசையைப் பார்த்தார். மஞ்சுளா எழுந்து நின்றாள். அவள் முகத்தில் ரத்தமே இல்லை.

எனக்கு யோசிக்க நேரமில்லை. "வேண்டாம் மாமி. நாங்க பேட்டி எடுத்தவங்க யாரையும் சபையில நிறுத்திக் கேள்வி கேக்கக் கூடாது. அது நாங்க அவங்களுக்குக் குடுத்த வாக்கு" என்றேன்.

"நான் ஒண்ணும் கட்டாயப்படுத்தலையே. வரயான்னு கேட்டேன், வரேன்னா."

"நீங்க கேட்டு அவ மாட்டேன்னு எப்பவாவது சொல்லியிருக்காளா மாமி?"

கேட்ட பிறகுதான் எவ்வளவு தூரம் போய்விட்டேன் என்று உறைத்தது. பத்துப் பேர் எதிரே அவரிடம் அப்படிப் பேச எனக்கு உரிமை கிடையாது. மாமி நிமிர்ந்து உட்கார்ந்தார். "ஏன் சொல்லாம? ஒரே ஒரு தடவை..." என்று ஆரம்பித்தார். ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார்.

என் கையில் இருந்த அறிக்கையைப் பார்த்தார். அப்புறம் மஞ்சுளாவைப் பார்த்தார். அவள் நின்ற நிலை, அந்தக் கண்கள், சுவரில் இருந்த கடிகாரம் எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தார். எத்தனை வருடம் வகுப்பறையில் பிள்ளைகளின் முகத்தைப் படித்தவர். அவருக்கு எது புரிந்தது, எவ்வளவு புரிந்தது என்று என்னால் சொல்ல முடியாது. நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. ஆனால் சொல்லாமல் விட்டதே அவருக்குப் போதுமானதாக இருந்திருக்கும் என்று அப்போதே பயந்தேன்.

"மஞ்சுளா, மணியாயிடுத்தே. உனக்கு மத்தியான வீட்டுக்குப் போக வேண்டாமா? கிளம்பு. அந்தப் பெரியவர் கோபிச்சுக்கப் போறார்."

மஞ்சுளா "சரிங்க மாமி" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனாள். இப்போதுதானே மத்தியான வேலை இல்லை என்றார்கள் என்று தையல் உறுப்பினர் குழம்பிப்போய்க் கேட்டார். மாமி, காப்பகம் நடக்கட்டும் என்றார். என்ன பலன் என்று காரணம் எழுதுவது என்று அந்த உறுப்பினர் விடாமல் கேட்டார்.

"குழந்தைகள் பத்திரமா இருக்கா. அவ்வளவு எழுதினா போறும்" என்றார் மாமி.

ஆக, காப்பகம் பிழைத்தது. எங்கள் அறிக்கையால் இல்லை என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எதிர்பார்த்த பலன் இல்லை என்ற ஒரு வறண்ட முடிவோடுதான் அன்பரசுவின் ஆய்வு முடிந்தது. மதிப்பெண்ணும் சுமார்தான். அவர் அதற்காக வருத்தப்பட்டார், வருத்தம் இல்லை என்று நடிக்கவும் இல்லை. இப்போது வேறொரு ஊரில் நல்ல வேலையில் இருக்கிறார். கேள்விகளை எழுதி முடித்ததும், இந்தக் கேள்வியை இவர்களிடம் நமக்கு முன்னால் யார் கேட்டிருப்பார்கள் என்று தன் குழுவிடம் ஒருமுறை கேட்பாராம். நாம் வாசலில் போய் நிற்பதற்குள் புருஷன் கேட்டிருப்பான், வேலை கொடுக்கும் வீட்டுக்காரி கேட்டிருப்பாள். அவர்களுக்குச் சொன்ன பதில்தான் நமக்கும் கிடைக்கும். அதைப் பொய் என்று எழுதிவிடுவது சுலபம். அந்தப் பதிலுக்குப் பின்னால் ஒரு மனுஷி எதைப் பாதுகாத்து வைத்திருக்கிறாள் என்று பார்க்கத்தான் நமக்குச் சம்பளம் என்று நான் நினைக்கிறேன்.

அன்று கூட்டத்தில் நான் கேட்ட கேள்வி சரியா என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை. மாமி வேறு மாதிரி மனுஷியாக இருந்திருந்தால், மஞ்சுளாவைக் காப்பாற்றப் போய் நானே காட்டிக்கொடுத்தவளாகியிருப்பேன். நெருக்கடியில் எடுத்த முடிவு நல்லபடியாக முடிந்துவிட்டால் அதைப் புத்திசாலித்தனம் என்று சொல்லிக்கொள்ள ஆசை வரும். பாதி அதிர்ஷ்டம் என்று ஒப்புக்கொள்வதுதான் மரியாதை.

இதை எழுதலாமா என்று கேட்கப் போன வாரம் மஞ்சுளாவைப் பள்ளிக்கூட வாசலில் பார்த்தேன் அல்லவா, அப்போதுதான் ஒரு விஷயம் சொன்னாள். எனக்கு அது இத்தனை நாளாகத் தெரியாது.

அந்தக் கூட்டத்துக்கு மறுநாள் மாமி வீட்டுக்குப் பயந்துகொண்டேதான் வேலைக்குப் போனாளாம். மாமி ஒன்றும் கேட்கவில்லை. மாமாவுக்குச் சாதம் போடும் பேச்சும் அதற்குப் பிறகு வரவே இல்லை. சில நாள் கழித்து, வேலை முடித்துக் கிளம்பும்போது மாமி அவளை நிறுத்தி, கூடத்தில் இருந்த ஒரு பெரிய பொட்டலத்தைக் காட்டினார். மாட வீதிக் கடையில் புதிதாக வாங்கின இலவம்பஞ்சுத் தலையணைகள், கயிறு போட்டுக் கட்டியவை. அந்தப் பெரியவருக்குக் கொண்டுபோய்க் கொடு என்றாராம்.

"ஒத்த ஆளுக்கு இத்தினி தலகாணி எதுக்கு மாமின்னு கேக்கலாம்னு வந்துச்சு மேடம். கேக்கல. தூக்கி இடுப்புல வெச்சுக்கினு வந்துட்டேன். அதுக்கப்புறம் எப்பவாச்சும் கேப்பாங்க, இன்னாடி, பெரியவருக்கு இப்போ நல்லாத் தூக்கம் வருதான்னு."

நீ என்ன சொல்வாய் என்று கேட்டேன்.

"வருது மாமின்னுவேன்."